இடது பின்கதவு

செருப்பு காலோட இருக்கட்டும் மேஸ்திரி, கழட்ட வேண்டாம். நாம வீட்டுக்குள்ள போகப் போறதில்லை. இப்படிச் சுத்திக்கிட்டு வாங்க, கார் ஷெட்டுல நிக்குது. ஷெட்டுன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. நாலு இரும்புக் கால், மேல தகரம். டீ அப்புறம் வெக்கறேன். வீட்டுல யாரும் இல்லை. தைக்கக் குடுத்த ஜாக்கெட்டை வாங்கறதுக்கு ஆத்தாளும் மகளும் ஈரோடு போயிருக்காங்க. வேணும்னேதான் உங்களை இந்த நேரத்துக்கு வரச்சொன்னேன்.

முதல்லயே ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நல்லசிவம்னு யாரையாச்சும் உங்களுக்குத் தெரியுமா? குமாரபாளையத்துல டயர் கடை. தெரியாதா? நிஜமாத்தானே? இல்லைங்க, டயர் கடைக்காரனுக்கும் டிங்கர் மேஸ்திரிக்கும் பழக்கம் இல்லாமயா இருக்கும்னு ஒரு யோசனை. இங்கயே பக்கத்துல மூணு பட்டறை இருக்கு. மூணையும் விட்டுட்டு சங்ககிரியிலிருந்து உங்களை வரவழைச்சதுக்குக் காரணமே அதுதான். இந்த ஊர் டிங்கர்களெல்லாம் அவன்கிட்ட டீ குடிக்கறவங்க.

நல்லசிவம் என் மச்சினன். என் சம்சாரம் கோகிலாவுக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி. என் பொண்ணு தாரணிக்குத் தாய்மாமன். தை மாசம் தாரணிக்குக் கல்யாணம். பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு, அவனுக்கு மட்டும் இன்னும் குடுக்கலை. குடுக்க விடலை நான். தாய்மாமன் இல்லாம எப்படிய்யா முகூர்த்தம்னு சொந்தக்காரங்க நாளைக்கு இங்க கூடறாங்க. அவங்க முன்னாடி நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். 'இந்த வண்டி அடிபட்டது, அடிபட்டதை மறைச்சு வேலை பாத்திருக்காங்க.' அவ்வளவுதான். மீதியை நான் பாத்துக்குவேன். அவன் ஒத்துக்கிட்டான்னா கல்யாணத்துக்கு வரட்டும். ஒத்துக்கலைன்னா தாய்மாமன் இல்லாத கல்யாணமா அது நடக்கட்டும்.

பாத்து வாங்க, சோப்புத் தண்ணி கிடக்கு, வழுக்கும்.

இதுதான் வண்டி. என்ன மேஸ்திரி அப்படிப் பாக்கறீங்க? பெயிண்ட் வேலை நானே பாக்கறேன். யார்கிட்டயும் கத்துக்கலை. செல்போன்ல பாத்துப் பாத்துப் படிச்சதுதான். எனக்கு எல்லாமே அப்படித்தான். பால் குளிரூட்டற நிலையத்துல நைட்டு ஆபரேட்டரா இருக்கேன். கம்ப்ரசர் ஓடற சத்தத்தை வெச்சே எந்த பேரிங் போகப் போகுதுன்னு சொல்லுவேன். யாரும் சொல்லித் தரலை. ராத்திரி முழுக்கத் தனியா உக்காந்து ஒரு சத்தத்தையே கேட்டுக்கிட்டிருந்தா, அதுல ஒரு மயிரிழை மாறினாக்கூட மனசு துணுக்குனு எழுந்துக்கும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துருச்சுன்னு கோகிலா சொல்லுவா. சொல்லிட்டுப் போறா. ராத்திரி வேலைக்காரனுக்குப் பகல்ல நடக்கறதெல்லாம் சொல்லக்கேள்விதானே மேஸ்திரி? நான் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிட்டுத் தூங்கும்போது இந்த வீடு முழிச்சிருக்கு. என் பொண்ணு எப்ப தாவணி கட்டினா, எப்ப காலேஜ் முடிச்சா, எனக்கு ஒண்ணும் சரியா ஞாபகமில்லை. எல்லாம் நான் தூங்கும்போது நடந்தது. அப்ப நாலு விசயத்தைச் சந்தேகப்பட்டுத்தானே தெரிஞ்சுக்கணும்?

பட்டறைக்கு விட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. பெட்ரோலை உறிஞ்சுருவாங்க. பேட்டரியை மாத்திருவாங்க. உங்களைச் சொல்லலை, பொதுவாச் சொல்றேன்.

முறையாத்தான் ஆரம்பிச்சேன். முதல்ல சோப்புப் போட்டுக் கழுவி, தின்னர் நனைச்ச துணியில எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். கைப்பிடி, ரப்பர் பட்டை, நம்பர் பிளேட் எல்லாம் கழட்டி வாளியில போட்டேன். கண்ணாடிக்குப் பேப்பர் ஒட்டினேன். தேய்க்கறதுக்கு, இதோ பாருங்க, பழைய ஹவாய் செருப்பு. அடிப்பாகத்தை அறுத்து, அதைச் சுத்தி வாட்டர் பேப்பரைப் புடிச்சுத் தேய்ச்சா விரல் பள்ளம் விழாது. சிரிக்கறீங்க. நீங்களும் இதுலதானா? பாத்தீங்களா!

வண்டி மொதல்ல எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். போன ஆடியில ஒரு நாள் காலையில டூட்டி முடிஞ்சு வரும்போது வாய்க்கால் பாலத்துக்கிட்ட தலை சுத்தி பைக்கோட விழுந்துட்டேன். தூக்கக் கலக்கம்தான், பெருசா ஒண்ணுமில்லை. ஆனா எழுந்திரிக்க முடியலை. யாரோ போன் பண்ணிச் சொல்லி, கோகிலா ஓடி வந்தா. ஆமாங்க, ஓடித்தான். காலையில அந்த நேரத்துக்கு இங்க ஆட்டோ ஏது? காலுல செருப்புக்கூட இல்லை. வந்து, என்னைத் தூக்கவும் முடியாம, விடவும் முடியாம, ரோட்டுல போற வண்டியெல்லாம் கைகாட்டி, ஒருத்தனும் நிக்கலை. கடைசியில நம்ம பால் வண்டியே வந்து ஏத்திட்டுப் போச்சு. அன்னிக்கு அவ முகத்தைப் பாத்திருக்கணும் நீங்க.

அடுத்த மாசமே நல்லசிவம் இந்தக் காரைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தறான். 'நான் வேற வண்டி எடுத்துட்டேன் மாமா, இது சும்மா நிக்குது. இனிமேல் டூட்டிக்கு இதுலயே போங்க. வீட்டுல ஒரு வண்டி இருக்கறது நல்லது'ங்கறான். சும்மா! இந்தக் காலத்துல எவன் மேஸ்திரி ஒரு காரைச் சும்மா குடுப்பான்? அப்பவே எனக்கு மனசுல ஒரு முள்ளு. சரி, பொண்டாட்டியோட தம்பி, மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லக்கூடாதுன்னு வாங்கிக்கிட்டேன். கார் ஓட்ட எனக்குத் தெரியும், அந்தக் காலத்துல மில்லு வேன் ஓட்டியிருக்கேன்.

கோகிலாகூட ஒரு நாள் கேட்டா. சோறு போட்டுக்கிட்டே, 'ஏனுங்க, நானும் இதை ஓட்டப் பழகிக்கட்டுமா?'ன்னு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. 'நீ கேட்டை ஒழுங்காத் திறந்து விடு தாயி, அது போதும்'னேன். அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கலை. சாயங்காலம் நான் கிளம்பும்போது கேட்டைத் திறந்து விடுவா, காலையில திறந்து விடுவா. அதுல குறை சொல்ல முடியாது. பாவம், வண்டிக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னுகூட அவளுக்குத் தெரியாது.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுது.

ஒரு நாள் சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்பி உள்ள ஏறி உக்காந்தா, முட்டி போய் டேஷ்போர்டுல இடிக்குது. சீட்டு முன்னால இழுத்திருக்கு. காலையில நான் ஓட்டிட்டு வந்து நிறுத்தின வண்டி. சீட்டு தானா நகருமா? பின்னால தள்ளிட்டுப் போனேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும். கண்ணாடியும் கீழ பாத்த மாதிரி திரும்பியிருக்கு. பெட்ரோல் முள்ளு நான் விட்ட இடத்துல இல்லை. கோகிலாகிட்டக் கேட்டா, 'பூனை ஏறியிருக்கும்'ங்கறா. பூனை சீட்டை இழுக்குமா மேஸ்திரி? அப்பாவி, அவளுக்குத் தோணினதைச் சொல்றா.

அப்ப யாரு? இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு? நல்லசிவத்துக்கிட்ட. எதிர்த்த பெட்டிக்கடை அம்மாகிட்ட நைசாப் பேச்சுக் குடுத்தேன். 'ஆமாங்க, உங்க மச்சினர் மத்தியானத்துல வருவாரே, நீங்க தூங்கிட்டிருப்பீங்க'ன்னுது. ஆக, நான் தூங்கற நேரம் பாத்து வர்றான். வாய்க்கால் ரோட்டுல எங்க கார் போனதைப் பாத்தவங்களும் இருக்காங்க. கறிக்கடைக்காரர் சொன்னார், நல்லசிவம் இடது பக்கத்து சீட்டுல உக்காந்து கையை நீட்டி நீட்டிப் பேசிக்கிட்டே போனானாம். வண்டி ஆமை மாதிரி போச்சாம். துரைக்கு என் வண்டியில டிரைவர் வேற! யாரு ஓட்டினதுன்னு கேட்டேன். அந்தப் பக்கம் வெயில், சரியாத் தெரியலைன்னுட்டார்.

அதுக்கப்புறம் கிடைச்சதுதான் பெரிய விசயம். வண்டியைக் கூட்டும்போது, பிரேக்குக்குக் கீழ, பாய்க்கு அடியில ஒரு ஹேர்ப்பின். பொம்பளைங்க கொண்டையில குத்தற ஊசி. நான் என்ன நினைப்பேன்? நீங்க என்ன நினைப்பீங்க? கோகிலாகிட்டக் காட்டி, 'பாத்தியா உன் தம்பி யோக்கியதையை?'ன்னேன். அவ அதை வாங்கிப் பாத்தா. முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு. 'அவனைப் பத்தி அப்படிப் பேசாதீங்க'ன்னு அழுதா. கூடப் பிறந்தவன் பாருங்க, ரத்தம் விட்டுக் குடுக்காது.

இந்தப் பேச்சு நல்லசிவம் சம்சாரம் காதுக்கும் போயிருக்கு. அது சிரிக்குதாமா! விழுந்து விழுந்து சிரிக்குதாமா. புருசன் மேல அவ்வளவு நம்பிக்கை. இப்படியும் ஒரு பொம்பளை, ஐயோ பாவம்.

கார்த்திகையில நல்ல மழை. ஒரு நாள் நான் எழுந்து பாத்தா வண்டியைக் காணோம். 'தம்பி சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான்'னா கோகிலா. சொல்லாம கொள்ளாம என்ன சர்வீஸ்? நாலஞ்சு நாள் கழிச்சுப் பளபளன்னு கொண்டாந்து விட்டான். எனக்கு அப்ப வேற தலைவலி. அதே வாரத்துல தண்ணி லாரிக்காரன் நம்ம கேட்டுத் தூணை இடிச்சு அடிச் சிமெண்டைப் பேத்துட்டுப் போயிட்டான். கோகிலாதான் பாத்திருக்கா. நான் அந்த லாரிக்காரன்கிட்டப் போய் ஒரு மூச்சு சண்டை போட்டேன். இடிக்கவே இல்லைன்னு குலதெய்வத்து மேல சத்தியம் பண்றான், அயோக்கியன். அப்புறம் கோகிலாவே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிட்டா. அந்தா, அடியில புதுசாத் தெரியுதே, அதுதான்.

சரி, கதவுக்கு வர்றேன். கல்யாணத்துக்குப் பொண்ணை இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போறதுன்னு எனக்கு ஒரு ஆசை. வெயில்ல நிறுத்திப் பாக்கறேன், இந்த இடது பின்கதவு மட்டும் வேற வெள்ளை. மத்ததெல்லாம் பால் வெள்ளை, இது சுண்ணாம்பு வெள்ளை. நிழல்ல தெரியாது, வெயில்லதான் தெரியும். வண்டி முழுக்க நாமளே அடிச்சுரலாம்னு தேய்க்க ஆரம்பிச்சேன். மத்த கதவெல்லாம் வெள்ளை போனா சாம்பல் ப்ரைமர், அது போனா தகரம். இங்க மட்டும் வெள்ளை, சாம்பல், அதுக்கடியில மஞ்சளா, மாவு மாதிரி. பள்ளம் தெரியாம இருக்க அப்பற பட்டி! பழைய ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்தைப் பிரிச்சு, துணியில சுத்தி வெச்சுப் பாத்தேன். எல்லாக் கதவுலயும் கப்புனு ஒட்டுது. இந்தக் கதவுல இந்த இடத்துல வெச்சா கீழ விழுது. வெச்சுப் பாருங்களேன். பாத்தீங்களா? அவ்வளவு கனம் அப்பியிருக்கு.

நல்லசிவத்தைக் கூப்பிட்டு இதே இடத்துல நிக்கவெச்சுக் கேட்டேன். கோகிலாவும் அங்க நின்னுக்கிட்டிருந்தா.

'சர்வீஸுக்குன்னு கொண்டு போனியே மாப்ளே, என்ன பண்ணினே?'

'ஆயில் மாத்தினேன் மாமா.'

'ஆயில் மாத்தினா கதவுல பட்டி முளைக்குமா?'

தலையைக் குனிஞ்சுக்கிட்டான். 'விடுங்க மாமா. நானே ஆளை விட்டு பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்.'

'பெயிண்ட் கிடக்கட்டும். மத்தியானம் மத்தியானம் என் வண்டியில எந்தப் பொம்பளையைக் கூட்டிட்டுச் சுத்தறே?'

சிரிச்சுட்டான் மேஸ்திரி. இருமலை அடக்கற மாதிரி ஒரு சிரிப்பு. சிரிச்சுட்டு அக்காளைப் பாத்தான். அவ விறுவிறுன்னு உள்ள போயிட்டா. அவமானம் தாங்கலை அவளுக்கு. நான் சொல்லிட்டேன், 'உண்மையைச் சொல்ற வரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்காதே'ன்னு. 'சரிங்க மாமா'ன்னான். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயே போயிட்டான். தப்புப் பண்ணாதவனா இருந்தா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்க மாட்டானா?

என் பயம் என்னன்னா, வெறும் வண்டியை இடிச்சிருந்தா ஏன் மறைக்கணும்? ஆளை இடிச்சிருக்கானோ என்னமோ. யாரோ ஒருத்தன் ரோட்டுல விழுந்து, கைகாட்டி, இவன் நிக்காமப் போயிருந்தா? நான் அன்னிக்கு விழுந்து கிடந்தவன் மேஸ்திரி. ஒருத்தனும் நிக்காத ரோட்டுல கிடந்தவன். அப்படிப்பட்ட வண்டியில என் பொண்ணை மாலையோட ஏத்தச் சொல்றீங்களா?

கோகிலா நேத்துக்கூட வந்து பக்கத்துல உக்காந்தா. 'உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்'னா. 'தம்பிக்குப் பரிஞ்சு பேசறதுன்னா பேசாதே'ன்னுட்டேன். 'சரி, நாளன்னிக்கு எல்லாரும் வருவாங்கல்ல, அவங்க முன்னாடி நானே சொல்லிக்கறேன்'னு எழுந்து போயிட்டா. இவ என்ன சொல்லுவா? அழுவா. அதுக்கு முன்னாடி உங்க சாட்சி வேணும்னுதான் அவசரமாக் கூப்பிட்டேன்.

உங்களுக்குன்னே இந்த நடு இடத்தைத் தொடாம வெச்சிருக்கேன். நீங்க பாக்கவே எடுக்கணும், அப்பத்தான் சாட்சி. கொஞ்சம் அந்தத் தண்ணியை ஊத்துங்க. சுரண்டறேன் பாருங்க. வருது, வருது. பாளம் பாளமா வருது. இந்தா, தகரம். எவ்வளவு பள்ளம்! நீட்டமா ஒரே கோடு. கூரா ஒண்ணு இழுத்த மாதிரி.

இதென்ன நீலம்?

பாருங்க மேஸ்திரி, பள்ளத்துக்குள்ள நீலமா பெயிண்ட்டு. துடைச்சுப் பாக்கறேன். ஆமா, நீலம்தான். மயில் கழுத்து நீலம். இடிச்ச வண்டியோட பெயிண்ட்டு! பட்டி போட்டவன் அவசரத்துல சரியாத் தேய்க்காம மேலயே அப்பியிருக்கான். வசமா மாட்டினான். நீல வண்டி எது? கோழி ஏத்தற வண்டி நீலம்தான். ஸ்கூல் வேன்... இல்லை, அது மஞ்சள். மயில் நீலத்துல எவன் வண்டிக்கு அடிப்பான்? இந்தக் கலரை நான் எங்கயோ பாத்திருக்கேன். சமீபத்துலதான். நல்லாப் பாத்த கலர்.

என்ன மேஸ்திரி, கதவுல கை வெச்சு அளக்கறீங்க? உங்க இடுப்பு உயரமா? சரி. அதுக்கு ஏன் இடுப்புல வெச்ச கையை எடுக்காமயே நடக்கறீங்க? எங்க போறீங்க? நான் பேசிட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்கு...

கேட்டுப் பக்கம் என்ன இருக்கு?

அது கொண்டிங்க. கேட்டுத் தாழ்ப்பாள். வெளியில நீட்டிக்கிட்டு இருக்கறதால எல்லாருக்கும் சேலை மாட்டிக்கும். நான்தான் ஐப்பசியில உக்காந்து ரெண்டு கோட்டு அடிச்சேன். கல்யாண வீடு, துருப்பிடிச்ச கேட்டு இருக்கக் கூடாதுன்னு...

நான்தான் அடிச்சேன். மயில் நீலம்.

கையை எடுங்க. நானே பாக்கறேன். கொண்டி மூக்குல வெள்ளை இருக்கு. ஆமா. இருக்கு.

கொஞ்சம் உக்காந்துக்கறேன் மேஸ்திரி. இல்லைங்க, தலை சுத்தலெல்லாம் இல்லை. சும்மா உக்காந்திருக்கேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

புதுசா ஓட்டறவங்களுக்கு இடது பக்கம் அளவு தெரியாதுல்ல? நாம உக்காந்திருக்கறது வலது பக்கம். இடது பக்கம் போயிருச்சுன்னு நினைச்சுத் திருப்பினா பின்கதவு மாட்டும். எனக்கே மில்லு வேன் அப்படித்தான் மாட்டுச்சு. கேட்டை ஒருக்களிச்சுத் திறந்து வெச்சிருப்பா. அவளுக்குத் திறந்து விட யாரும் இல்லை பாருங்க.

அந்தத் தண்ணி லாரிக்காரனை என்ன பேச்சுப் பேசிட்டேன்!

எதுக்கு அவளுக்கு இந்த வேலைன்னு நீங்க கேக்கலை. நானும் கேக்கப் போறதில்லை. வெறுங்காலோட ஓடி வந்தான்னு என் வாயாலயே சொன்னேனே, கேட்டீங்கல்ல? நான் சொல்லும்போதே நீங்க இந்தக் கேட்டைப் பாத்துக்கிட்டு நின்னீங்க. ஏன் பாக்கறீங்கன்னு மனசுக்குள்ள உங்களையும் சந்தேகப்பட்டேன், கேட்டைத் திருடிட்டுப் போயிருவீங்களோன்னு. சிரிங்க, சிரிங்க.

மேஸ்திரி, உங்க பையில பட்டி டப்பா இருக்குதா? இருக்கும், இல்லாமயா வந்திருப்பீங்க. எடுங்க. முதல்ல அந்த நீலத்தைச் சுத்தமாத் தேய்ச்சு எடுங்க, ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. அப்புறம் பட்டி பாருங்க. ஈரோடு பஸ்ஸு வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. காயறதுக்குள்ள வந்துட்டாலும் பரவாயில்லை, பெயிண்ட் அடிக்க ஆள் வெச்சிருக்கேன்னு சொல்லிக்கறேன். நான் கொண்டியைப் பாத்துக்கறேன். நீல டப்பா உள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கு.

நாளைக்கு வர்றவங்களுக்கு என்ன சொல்றதுன்னா கேக்கறீங்க? இருங்க, யோசிக்கறேன். நான்தான் இடிச்சேன்னு சொல்லிர்றேன். டூட்டிக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல திருப்பினேன், வெளியில சொல்ல வெக்கப்பட்டு மச்சினனை விட்டு மறைச்சு வேலை பாக்கச் சொன்னேன், அப்புறம் அவன் மேலயே பழியைப் போட்டேன்னு. கோகிலா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி சொல்லிரணும். அவ எல்லார் முன்னாடியும் நின்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு அதைச் சொல்லக் கூடாது. என்கிட்டத் தனியா என்னிக்குச் சொல்லணும்னு தோணுதோ அன்னிக்குச் சொல்லட்டும்.

ஹேர்ப்பின்னா? அட, அதை மறந்துட்டேன். காது குடையறதுக்கு நான்தான் வெச்சிருந்தேன்னு சொல்லிர்றேன். நம்புவாங்க. என்னைப் பத்தி எதைச் சொன்னாலும் இப்ப நம்புவாங்க.

பத்திரிகையை நானே கொண்டுபோய்க் குடுக்கறேன், இன்னிக்குச் சாயங்காலமே. டூட்டிக்குப் போற வழியிலதான் டயர் கடை. என்ன கேப்பான்? 'உண்மை தெரிஞ்சுதா மாமா?'ன்னு கேப்பானா? கேக்க மாட்டான். கேட்டாலும், 'வாயை மூடிட்டு சீர்த்தட்டோட வந்து சேரு'ன்னுட்டு வந்துருவேன்.

நீங்க வேலையைப் பாருங்க மேஸ்திரி, நான் டீ வெக்கறேன். சக்கரை எவ்வளவு? ஒரு நிமிசம், அந்த முன்கதவைத் திறங்க. சீட்டைப் போன வாரம் பின்னால தள்ளி வெச்சேன். சைடுல ஒரு கம்பி இருக்கும், அதைத் தூக்கிட்டு முன்னால இழுங்க. இன்னும் கொஞ்சம். கோகிலா குள்ளம், கால் எட்டணும். ஆங், போதும், அப்படியே இருக்கட்டும். இனிமே நான் அதைத் தொடறதில்லை. எனக்கு முட்டி இடிக்கும். இடிச்சுட்டுப் போகட்டும்.